அண்ணனுக்கு அறுபத்திரண்டு கட்டம்

அண்ணனுக்கு அறுபத்திரண்டு கட்டம். தனக்குப் பதினொன்று.

நறுமுகை திரையை மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தாள். எண்ணிக்கை மாறவில்லை. தான் எழுதிய நிரலில் எங்காவது பிழை இருக்கும் என்று இன்னொரு தடவை ஓட்டினாள். அதே அறுபத்திரண்டு, அதே பதினொன்று. மனிதர்கள் ஓரவஞ்சனை செய்தால் சண்டை போடலாம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். டேட்டாபேஸிடம் போய் என்ன சண்டை போடுவது? அவளுக்கு வயிறு எரிந்தது.

சரவணம்பட்டியில் அவள் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ஞாபகக் கிடங்கு. மறதி நோய் வந்தவர்களின் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு பொத்தான் வைத்துவிடுவார்கள். அன்றாடம் அவர்களுக்கு நடப்பதையெல்லாம் அந்தப் பொத்தான் கிடங்குக்கு அனுப்பி வைக்கும். நோயாளி எதையாவது நினைக்க முயன்று தவித்தால், அதே பொத்தான் கிடங்கைக் கேட்கும். கிடங்கிலிருந்து விடை வரும். அவரும் தானாகவே ஞாபகம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்.

அந்த விடைகளுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கக் கூடாது. சட்டம் அப்படி, பார்க்க வழியும் வைக்கவில்லை. நறுமுகையின் வேலை வெளியே நின்று விசாரிப்பது. எந்த கனெக்‌ஷன் திறந்திருக்கிறது, யார் பெயரில், எவ்வளவு நேரமாக? வந்த விடையில் எத்தனை கட்டம்? ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் எழுதியிருக்கும் பெயர் எது? உள்ளே இருப்பது ஒலியா, மணமா, தொடுகையா? அது காலியாக இருக்கலாமா, கூடாதா? இந்த மேல்விவரத்துக்கு மெட்டாடேட்டா என்று பெயர். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே பாடம் எடுப்பாள். "டிபன் கேரியர்னு வெச்சுக்கங்க. எத்தன அடுக்கு, எது சூடா இருக்கு, யார் பேர் எழுதியிருக்குன்னு பாக்கலாம். மூடியத் தொறந்தீங்கன்னா வேலை போயிரும்."

சொந்தக்காரர்களின் கேரியரை வெளியே நின்றுகூடப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அதையும் அவளே பாடம் எடுத்திருக்கிறாள். இன்று அவளே மீறிவிட்டாள்.

காரணம் அவளுடைய அம்மா வினோதினி. பெயரே அந்தக் காலத்துப் பெயர். கோயம்புத்தூரில் பாதிப் பேருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் வினோதினி என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். கார்கள் தாமாகவே ஓட ஆரம்பித்ததும் டிரைவிங் ஸ்கூலை மூடிவிட்டார். அதற்குப் பிறகு கணவர் போனார். அதற்குப் பிறகு ஞாபகமும் ஒவ்வொன்றாகப் போயிற்று. மூத்த மகன் ஆதிரன் டாஸ்மேனியாவில் கடல்பாசிப் பண்ணையில் பொறியாளர். நான்கு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சுவர்த்திரையில் வந்து பேசுவான். மற்ற நேரமெல்லாம் அம்மாவைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் தூங்க வைப்பதும் நறுமுகை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "சாமி, உன்ற கையப் புடிச்சுட்டுப் படுத்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

நான்கு வருடமாகத் தொட்டுக்கூடப் பார்க்காதவனின் கை! நறுமுகை அப்போது கையில் அம்மாவின் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து நான்கே வரியில் ஒரு நிரல் எழுதிவிட்டாள்.

எண்ணிக்கையாவது பரவாயில்லை. மற்ற விவரங்கள் அதைவிட மோசம். ஆதிரன் பெயரில் இருந்த கனெக்‌ஷன் காலையில் அம்மா கண் விழித்ததிலிருந்து ஒரு தடவைகூட மூடவில்லை. நறுமுகையின் பெயரில் இருந்தது திறந்த கையோடு மூடிக்கொண்டது. வாசலில் நின்று பேசிவிட்டு அனுப்புகிற மாதிரி. அவன் கட்டங்களில் தொடுகை, சூடு, மணம், மறுபடியும் தொடுகை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'காலியாக இருக்கக் கூடாது' என்று குறிப்பு. அவளுடைய பதினொன்றும் வெறும் ஒலி. 'காலியாக இருக்கலாம்' என்று குறிப்பு. இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று அம்மாவே சொன்னது போல அவளுக்குக் கேட்டது.

கேண்டீனில் ஹசீனா அக்காவிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். ஹசீனா அவளுக்கு மூத்தவள். கட்டங்களுக்குப் பெயர் வைக்கும் பிரிவு முழுக்க அவள் பொறுப்பில். உக்கடத்திலிருந்து வருகிறவள். எதைக் கேட்டாலும் முதலில் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பாள்.

"அக்கா, ஒருத்தர் பேருல கட்டம் நெறைய இருந்தா அவர் மேல பிரியம் ஜாஸ்தின்னு எடுத்துக்கலாமா?"

"பெரும்பாலும் அப்புடித்தான். பிரியமில்லாதவங்கள மூளை இத்தன பிரிச்சுப் பிரிச்சு எடுத்து வெக்காது. ஏன் கேக்கற?"

"ஒரு நோயாளியோட மக கேட்டா."

"அந்த மகளுக்கு மூஞ்சி ஏன் இப்புடிக் கடுகடுன்னு இருக்கு?" என்று ஹசீனா சிரித்தாள். நறுமுகை சிரிக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதன் பிறகு அவளுக்கு அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. ஒரு வேலையை முடித்ததும் அந்தத் திரை. இன்னொன்றை முடித்ததும் அதே திரை. அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு வந்து பார்ப்பாள், அண்ணன் பெயரில் ஒன்று கூடியிருக்கும். பிடிக்குமே என்று கஷ்டப்பட்டு அரிசிம்பருப்புச் சாதம் செய்து ஊட்டிவிட்டு வந்து பார்ப்பாள், அண்ணனுக்கு இன்னும் இரண்டு. தான் சோறு ஊட்டும்போது அம்மா அவனை நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறாள் என்று புரிந்துகொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

ஆதிரன் கூப்பிட்டு, லீவு கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்றான். அம்மாவை அதற்குப் பிறகு பிடித்து உட்கார வைக்க முடியவில்லை.

"அம்மிணி, அந்தப் பச்சைச் சீலைய எடுத்து வெய்யி. வீட்டையெல்லாம் கூட்டி உடு. அவனுக்குத் தூசி ஆவாது."

"நாந்தான் தெனமும் கூட்டறனேம்மா."

"என்னத்தக் கூட்டறே? அவன் இங்க இருந்தா என்னைய இப்புடி உடுவானா?"

அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நறுமுகை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். 'இப்புடி' என்றால் எப்படி? சலவை செய்த புடவை, எண்ணெய் தடவிய தலை, நேரத்துக்கு மாத்திரை. இதில் எதை விட்டுவிட்டாளாம்? அண்ணன் வந்து கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்காருவான், அம்மா அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவாள், இவள் சமையலறையிலிருந்து காபி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள். ஆதிரன் பெயரில் இருந்த கனெக்‌ஷன் மூடிக்கொண்டது. காரணம் கேட்ட இடத்தில் 'பராமரிப்பு' என்று போட்டாள். அழிக்கவில்லையே, மூடத்தானே செய்தேன் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அவன் இருக்கிற நாலு நாள் மட்டும். அம்மா அவனைப் பார்த்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரென்று தெரியாமல் விழிக்க வேண்டும். அவனுக்கும் அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும்.

அன்று சாயங்காலம் ஆதிரன் வந்து இறங்கினான். பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தான். தலையில் பாதி நரைத்திருந்தது.

"அம்மா."

அம்மா பச்சைப் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவனை மரியாதையாகப் பார்த்தாள். "யாருங்க தம்பி? ஆரப் பாக்கோணும்?"

நறுமுகைக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதை மறைக்க அவசரமாகத் தண்ணீர் எடுக்கப் போனாள். ஆதிரன் ஏதேதோ சொல்லிப் பார்த்தான். சின்ன வயதில் டிரைவிங் ஸ்கூல் காரில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்ததைச் சொன்னான். "அப்புடிங்களா" என்று அம்மா கேட்டுக்கொண்டாள். அவன் எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அண்ணன் அழுது அவள் கேட்டதே கிடையாது. குளுகுளுப்பு கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை.

சாப்பாட்டு நேரம் வந்தது. நறுமுகை வழக்கம் போலச் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வாயருகே கையைக் கொண்டுபோனாள்.

அம்மா வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தொடாத!"

"அம்மா, நாந்தாம்மா. அம்மிணி."

"அம்மிணி எங்க? அவளக் கூப்புடு. நீ யாரு? எதுக்கு என்ற வாயில கைய வெக்கறே?"

சோறு புடவையில் சிந்தியது. நறுமுகை துடைக்கப் போனாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டாள். பழைய டிரைவிங் ஸ்கூல் கையில் இன்னும் பலம் இருந்தது. அதற்குப் பிறகு தலைமாட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, "அம்மிணி, அம்மிணி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். எதிரில் நிற்கிறவளையே கூப்பிடுகிறாள், எதிரில் நிற்கிறவளைப் பார்த்தே பயப்படுகிறாள். ஆதிரன் ஊட்டிப் பார்த்தான்; வாங்கவில்லை. மாத்திரையும் உள்ளே போகவில்லை. விடிந்தும் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

காலையில் நறுமுகை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது ஹசீனா அவள் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்த 'பராமரிப்பு'.

"என்ன பராமரிப்பு இது?"

நறுமுகை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அறுபத்திரண்டு, பதினொன்று, பச்சைப் புடவை, தொடாதே என்று சொன்னது, பட்டினி. ஹசீனா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். ஹசீனா திட்டவில்லை. நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.

"உக்காரு. கட்டத்துத் தலைல எழுதியிருக்கற பேரத்தான பாத்தே?"

"ஆமாங்க்கா."

"அது எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டியா?"

"அது எதுக்கு? பேருதான் இருக்குதே."

"பேரு நாங்க ஒட்டறது நறு. மூலம்னு இன்னொண்ணு இருக்குது. கேளு."

நறுமுகை நிரலில் இன்னொரு வரி சேர்த்தாள். இத்தனை நாள் தேவைப்படாத வரி. கேரியரில் எழுதியிருக்கும் பெயரைக் கேட்டவளுக்கு, எந்த வீட்டுச் சமையல் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. திரையில் விடை இறங்கியது.

கட்டத்தின் பெயர்: ஆதிரன். மூலம்: நறுமுகை.

கட்டத்தின் பெயர்: ஆதிரன். மூலம்: நறுமுகை.

கீழே கீழே இழுத்தாள். தொடுகை, சூடு, மணம், எல்லாவற்றிலும் அதே.

"என்னக்கா இது?"

"உங்கம்மாவுக்குக் கை ஞாபகம் நிக்குது, முகம் நிக்கல. ஒரு கை ஊட்டுச்சு, ஒரு கை தல வாரி உட்டுச்சு, ராத்திரி புடிச்சுக்க ஒரு கை இருந்துச்சு. யாரோட கைன்னு தெரியாம அந்த நெனப்பு வந்தா இவங்களுக்குக் கொல நடுக்கம் வந்துரும். அதனால ஏதாவது ஒரு பேர ஒட்டித்தான் அனுப்பணும். பக்கத்துல இருக்கறது யாருன்னு பொத்தானுக்குத் தெரியும். அதான் மூலம்."

"பின்ன அந்தப் பேரையே ஒட்ட வேண்டியதுதான?"

"மொதல்ல அப்புடித்தான் ஒட்டுனாங்க. நர்சு பாத்துக்கற வீட்டுலயெல்லாம் பெத்தவங்க நர்சையே சொந்தப் புள்ளைன்னு கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க. பெத்த புள்ளைங்க சண்டைக்கு வந்துருச்சுங்க. அப்பறம்தான், இவங்களுக்கு ரொம்பப் பிரியமானவங்க யாருன்னு வீட்டுலயே கேட்டு, அந்தப் பேர ஒட்டறதுன்னு ஆச்சு. பொத்தான் வெக்க வந்தவன் உன்னையும் கேட்டிருப்பானே. நீ என்ன சொன்னே?"

நறுமுகைக்கு அந்தப் பையனின் முகம் ஞாபகம் வந்தது. அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவன் கேட்டான். இவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு, "வேற யாரு, அவங்க பையன்தான்" என்றாள். அது பதில் இல்லை; புகைச்சல். அவன் பதிலென்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"அப்ப எம் பேருல இருக்கற பதினொண்ணு?"

"அது நாங்க ஒட்டுனது இல்ல. உங்கம்மாவே வாய் தொறந்து உன்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. அதுக்குத்தான் வேற பேர் ஒட்ட முடியாது."

"அண்ணனுக்குன்னு சொந்தமா?"

ஹசீனா உதட்டைப் பிதுக்கினாள். "ஒண்ணுமில்ல. பழசெல்லாம் கிடங்குக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிருச்சு. திரையில வந்து பேசறதப் பொத்தான் ஆளாக் கணக்குல எடுக்காது."

இத்தனை நாள் யார் மேல் பொறாமைப்பட்டாள்? தன் மேலேயேவா? சிரிப்பு வர வேண்டிய இடம். அவளுக்கு வந்தது வேறு. தன் சோறு, தன் சீப்பு, தன் கை. எல்லாவற்றையும் அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பொறாமை குறையவில்லை. இப்போது அதற்கு நியாயமும் கிடைத்துவிட்டது.

"கனெக்‌ஷன நான் தொறந்துடறேன்" என்றாள் ஹசீனா. "தொறக்கறப்ப ஒட்டுன பேர மாத்தலாம். குடும்பத்துல ஒருத்தர் சொன்னாப் போதும். ஆனா ஒரு தடவதான். ரெண்டாவது தடவ மாத்துனா அவங்க மனசு எந்தப் பேரையும் நம்பாது. நேத்து உன்னையப் பாத்துப் பயந்த மாதிரி எல்லாரையும் பாத்துப் பயப்படுவாங்க, அதுக்கு வைத்தியம் கெடையாது. அண்ணனக் கேட்டுட்டு வந்து சொல்லு."

நறுமுகை அண்ணனைக் கேட்கவில்லை. "என் பேருக்கு மாத்துங்கக்கா" என்றாள்.

"யோசிச்சுக்க. அவருக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"அவனுது எதையும் நான் எடுக்கலையே. எனக்குச் சேர வேண்டியதத்தான கேக்கறேன்?"

ஹசீனா பெயரை மாற்றிவிட்டாள். பிறகு, "சொந்த வீட்டுக் கணக்கத் தொட்டதுக்கு உன்னைய வேற பிரிவுக்கு அனுப்பச் சொல்லி நான் எழுதித்தான் ஆகணும். மாசக் கடைசி வரைக்கும்தான் இந்தத் திரை" என்றாள். நறுமுகை சரியென்று தலையாட்டிவிட்டு ஓடினாள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மாவின் குரல் கேட்டது.

"அம்மிணி! எங்க போய்த் தொலைஞ்சே? பசிக்குது."

நறுமுகை ஓடிப்போய் உட்கார்ந்தாள். அம்மா அவள் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையை மோந்து பார்த்தாள். "இந்தக் கைதான். இந்தக் கை இல்லீன்னா நான் எப்பவோ போய்ச் சேந்திருப்பேன்" என்றாள். அம்மா அவளிடம் இப்படிப் பேசி எத்தனையோ காலம். நறுமுகை வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுவதற்கு அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை.

ஆதிரன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். அம்மா அவனைக் கண்டு, "தம்பி யாரு? உங்கூட வேல பாக்கறவரா?" என்று கேட்டாள்.

"அண்ணன்மா. ஆதி."

"அப்புடியா, சந்தோசம். உக்காரச் சொல்லு. காபி கொண்டாந்து குடு."

அன்று அவனிடம் கட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னாள். பெயர் மாற்றியதைச் சொல்லவில்லை. அண்ணன் நாலு வருடம் வராததால் நினைவில் ஒன்றும் சேரவில்லை, நோய் அப்படித்தான் என்று மட்டும் சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை என்பது அவளுக்கு வசதியாக இருந்தது. ஆதிரன் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டான்.

"அப்ப இனிமே பக்கத்துல இருந்தாச் சேருமா?"

"சேரும்."

"ஒண்ணாவது?"

"சேரும்ண்ணா."

அவன் திரும்பிப் போகும் டிக்கெட்டைக் கேன்சல் செய்தான். நறுமுகை எதிர்பார்க்கவே இல்லை. இரண்டு நாள் கூத்து, பிறகு ஓடிவிடுவான் என்று நினைத்தாள். அவன் ஓடவில்லை. முதலில் ஊட்டத் தெரியாமல் மூக்கில் தடவினான், அம்மா தும்மினாள். பிறகு கற்றுக்கொண்டான். தலை வாரக் கற்றுக்கொண்டான், சிக்கு விழாமல் அடியிலிருந்து வாரினான். கால் பித்தவெடிப்புக்கு எண்ணெய் போட்டான். "நீ தள்ளிக்க அம்மிணி, நான் பாத்துக்கறேன். இத்தன வருசம் நீயே பாத்தாச்சு" என்று அவளைச் சமையலறைக்கும் சோபாவுக்குமாகத் துரத்தினான். பண்ணை வேலையை இங்கிருந்தே பார்க்க ஏற்பாடு செய்துகொண்டான். ராத்திரி அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தான்.

நறுமுகைக்கு முதல்முறையாகக் கை ஓய்ந்தது. இஷ்டத்துக்குத் தூங்கினாள், தோழிகளைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தால் அம்மா, "இப்பத்தான் எத்தன நல்லாத் தல வாரி உட்டே அம்மிணி" என்பாள். மறதி, அதனால் ஏதோ பழசைச் சொல்கிறாள் என்று இரண்டு தடவை விட்டுவிட்டாள். மூன்றாவது தடவை அம்மா, "எண்ணெய கொஞ்சம் சூடு பண்ணிப் போட்டிருக்கே, இதமா இருக்குது" என்றபோது அவளுக்குச் சுருக்கென்றது. எண்ணெயைச் சூடு பண்ணிப் போடும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

மாதத்தின் கடைசி வேலைநாளில், இருக்கையைக் காலி செய்வதற்கு முன்னால், அந்தத் திரையைத் திறந்தாள். பெயரையும் கேட்டாள், மூலத்தையும் கேட்டாள். புதிதாக நிறையச் சேர்ந்திருந்தது. தொடுகை, சூடு, மணம். ஒன்றுகூடக் காலியில்லை.

கட்டத்தின் பெயர்: நறுமுகை. மூலம்: ஆதிரன்.

எல்லாமே அப்படித்தான். ஹசீனா பின்னால் வந்து நின்று பார்த்தாள். "முன்னாடியே சொன்னேன்ல. ஆள் தெரியாத கைக்கெல்லாம் இப்ப உம் பேருதான்" என்றாள்.

"இனிமே வேற வழியே இல்லையாக்கா?"

"மாத்தலாம். அம்மா மறுபடியும் செவுத்தோட போய் ஒட்டிக்குவாங்க. பரவால்லையா?"

நறுமுகை திரையை மூடினாள். அதற்கு மேல் அந்தத் திரையில் அவளுக்கு வேலையில்லை.

வீட்டில் ஆதிரன் அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றாள். நறுமுகை கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்கு எட்டு மாதம் பிடித்த பக்குவம் அவனுக்கு இத்தனை சீக்கிரம் எப்படி வந்தது என்று நினைத்தாள். வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது. பெயர் அவளுடையது. அந்தக் கை அவளுடையதாக இல்லையே என்று எரிந்தது.

"போதும் அம்மிணி" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே அவன் கையைத் தடவிக்கொடுத்து. "உன்ற கையில வாங்குனாத்தான் எனக்கு வயிறு நெறையுது."

ஆதிரன் நறுமுகையைப் பார்த்துச் சிரித்தான். அதில் வருத்தமில்லை, தங்கைக்குக் கிடைத்ததில் அவனுக்குச் சந்தோஷமே. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து அவள் பக்கத்தில் வந்து, அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இன்னிக்குத்தான அந்தத் திரைல உனக்குக் கடைசி நாள்? பாத்தியா? என்னோடது ஒண்ணாவது சேந்துச்சா?"

"சேந்துருக்குண்ணா."

"நெசமாவா? எத்தன?"

"நெறைய. நீ செஞ்சது ஒண்ணுகூட உட்டுப் போகல."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. நரைத்த தலையோடு சின்னப் பையனைப் போலத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, எண்ணெயைச் சூடு பண்ணப் போனான். யார் பெயரில் என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவளும் சொல்லவில்லை.